இன்ஜின் அணைத்த இறக்கம்

சென்ற வாரம் டீசல் விலை ஏறியபோது தாண்டவராயனை உச்சிமேட்டில் விட்டுவிட்டு வந்தோம். அவர் இன்னும் அங்கேயேதான் நிற்பார் என்று நினைத்த வாசகர்கள் மன்னிக்க வேண்டும். விலையும் நிற்கவில்லை, அவரும் நிற்கவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜவ்வாது மலையில் ஆட்டுக்கொல்லையிலிருந்து அமிர்தி வழியாகக் கணியம்பாடி வரை ஷேர் வேன் ஓட்டுகிறவர் தாண்டவராயன். டீசல் ஏறியது. கட்டணத்தை ஏற்றலாம் என்றால் மச்சான் இளவழகன் குறுக்கே வந்து நின்றார். மலைச்சாலை வாகன உரிமையாளர் நலச் சங்கத்தின் நிறுவனத் தலைவர், பொதுச் செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரும் இளவழகன்தான். அவர் யாரையும் கேட்காமல், 'எரிபொருள் ஏறினாலும் எங்கள் கட்டணம் ஏறாது!' என்று அமிர்தி முதல் கணியம்பாடி வரை ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். ஒன்றியக் கவுன்சிலர் ஆகிவிட வேண்டும் என்பது அவருடைய கனவு. அந்தக் கனவு ஓடுவதற்கு டீசல் ஊற்றுகிறவர்கள் மற்ற ஓட்டுநர்கள்.

ஓட்டுநர்கள் யோசித்தார்கள். மலைப்பாதையில் ஏறும்போது இன்ஜின், இறங்கும்போது இறைவன் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். உச்சிமேட்டில் இன்ஜினை அணைத்து, வண்டியை நியூட்ரலில் விட்டு, அமிர்தி வரை உருட்டிக்கொண்டே வந்துவிடுவது. ஒரு சொட்டு டீசல் செலவில்லை.

போன வாரம் முன்சீட்டில் வந்த கலைவாணி, தன் புருஷன் சாவியைத் திருப்பி அணைத்ததை முதல் தடவையாகப் பார்த்தாள். வண்டி ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. அந்த அமைதி ஒரு வாரமாக அவள் காதை விட்டுப் போகவில்லை.

இனி இன்றைய நாள்.

*

தாண்டவராயன் வீட்டுச் சாமி அலமாரியில், முருகனுக்கும் அம்மனுக்கும் நடுவே கனமான ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள், நட்ட நடுவில் குங்குமம். தினமும் அதற்குச் சாம்பிராணி காட்டப்பட்டது. உள்ளே இருந்தது, சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற லைனர் ஒட்டிய புது பிரேக் ஷூ.

பழைய லைனரைக் கழற்றிப் பார்த்த கணியம்பாடி மெக்கானிக், "இது லைனர் இல்லண்ணே, லைனர் இருந்த இடம்" என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அன்றைக்கே புதிது வாங்கினார்கள். ஆனால் தேய்பிறை. வண்டிக்குப் புது சாமான் பூட்டுவதென்றால் பூஜை போட்டு வளர்பிறையில்தான் பூட்டுவது என்று கலைவாணி சொல்லிவிட்டாள். பட்டறையில் விட்டால் வண்டி ஒரு நாள் சும்மா நிற்குமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த தாண்டவராயன், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெண்டாட்டி பேச்சுக்கு மறுபேச்சு பேசவில்லை.

இப்படியாக, தேய்ந்த பிரேக்கை மாற்ற வளர்பிறைக்குக் காத்திருந்தது அந்தக் குடும்பம்.

"நைனா, பிரேக்கு சாமிகிட்ட கீது. வண்டி வாசல்ல கீது. ரெண்டுக்கும் எப்ப கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் நிவேதா. கணியம்பாடியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகள். தினமும் அப்பாவின் வண்டியில்தான் இறங்குவாள்.

"வெள்ளிக்கிழமை. உங்கம்மா முகூர்த்தம் குறிச்சிட்டா" என்றார் தாண்டவராயன்.

"அதுவரைக்கும் வண்டி கற்போட இருக்குமா?"

"வாய மூடு" என்றாள் கலைவாணி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னாங்க, இன்னிக்கு அந்தக் கூத்துக்குப் போயே ஆவணுமா?"

"உன் தம்பி நடத்துற கூத்துமே. என்னைக் கேட்டா?"

கூத்தின் பெயர் 'எரிபொருள் சிக்கன வீரர் போட்டி மற்றும் வரி உயர்வுக் கண்டனப் பெருவிழா'. உச்சிமேட்டில் இன்ஜினை அணைக்க வேண்டும். ஏமாற்றி நடுவில் ஸ்டார்ட் செய்துவிடக்கூடாது என்பதற்காக சாவியை உருவி நடுவர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும். கியர் போடக்கூடாது. அப்படியே உருண்டு அமிர்தியில் வைத்திருக்கும் அலங்கார வளைவைத் தாண்டுகிற வண்டிக்குப் பொன்னாடை, கேடயம், டேங்க் நிறைய டீசல். விதிகளை வகுத்தவர் இளவழகன். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது விதி வகுப்பதற்குத் தடையாக இருந்ததில்லை.

"சாவிய எடுத்தா ஸ்டேரிங் பூட்டிக்காதா நைனா?" என்றாள் நிவேதா.

"பூட்டிக்கும். மொத வளைவுல ஒடிச்சா டக்குனு லாக் ஆயிடும். அப்புறம் நேரா பள்ளம்தான்." சொன்னவர் பெருமையோடு சேர்த்துக்கொண்டார். "நம்ம வண்டில அந்தப் பூட்டு செத்துப்போயி ரொம்ப நாளாச்சு. அதான் போட்டில நம்ம வண்டி மட்டும். மத்தவனுங்கள்லாம் வயித்துவலின்னு சொல்லிட்டானுங்க."

"ஒரே ஒரு ஆளு ஓடுற ரேசா?"

"உங்க மாமன் வைக்கிற போட்டி வேற எப்படி இருக்கும்? போட்டில நின்னாலே ஜெயிச்சோம். டேங்க் ஃபுல்லு. அத நம்பி நேத்து நான் டீசலே போடல தெரியுமா?"

கெட்டுப்போன ஒரு பூட்டுதான் அந்த வண்டியின் தகுதி. நிவேதா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் போன் அடித்தது. அந்தக் காலத்து ஆபீஸ் டெலிபோன் மாதிரி 'ட்ரிங், ட்ரிங்' என்று ஊருக்கே கேட்கிற மணி.

"இந்தச் சனியன மாத்துடின்னா கேக்கறாளா" என்று முணுமுணுத்த கலைவாணி, வாசலைப் பார்த்தாள். தாண்டவராயன் வண்டியில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார். ஒரு தடவை. பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாக இன்னும் மூன்று தடவை குத்தினார்.

கலைவாணி உள்ளே போனாள். சாமி அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து ஒயர் கூடையில் வைத்துக்கொண்டாள். நாளும் வேண்டாம், பிறையும் வேண்டாம். போட்டி முடிந்த கையோடு கணியம்பாடிக்குப் போய் மாட்டிவிடுவது.

*

உச்சிமேட்டில் இளவழகனின் கார் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. நின்றிருந்ததே தவிர அணைக்கப்படவில்லை. எரிபொருள் சிக்கனத்தைப் பற்றி அவர் வெளியே நின்று பேசி முடிக்கும்வரை உள்ளே சீட்டு சூடாகிவிடக்கூடாது என்று ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க மாமா! வரலாறு உங்களுக்காகக் காத்திருக்குது!"

"டீசல் காத்திருக்குதா, அதச் சொல்லு மச்சான்."

"லிட்டருக்கு லிட்டர் வரி மாமா. நாம டேங்க்ல ஊத்துறது டீசல் இல்ல, வரி! வரியில வண்டி ஓடுமா?"

"உன் கார் ஓடுதே" என்றார் தாண்டவராயன். இளவழகன் அதைக் கேட்கவில்லை. சிலவற்றைக் கேட்காமலிருப்பதில் அவர் தேர்ச்சி பெற்றவர்.

காருக்குப் பின்னால் அவருடைய புது வேன். போன மாதம்தான் எடுத்தது. கண்ணாடி இறங்கும், ஏசி குளிரும், கதவு சாத்தினால் சாத்திக்கொள்ளும். எல்லாமே வேலை செய்கிற வண்டி. அதற்கு ஓட்டுநர் சின்னராஜ். போன மாதம் வரை நடுவூர்க்காரர் ஒருவரின் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தவன். நல்ல பிள்ளை, யார் என்ன சொன்னாலும் செய்வான்.

கூட்டம் காட்டுவதற்காக மலையிலிருந்து பெண்களைத் திரட்டியிருந்தார்கள். கேழ்வரகுக் களையெடுப்பை விட்டுவிட்டு வந்திருந்த பாஞ்சாலி, இளவழகனின் உதவியாளன் பூவரசனைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரியாணி மேலயா, கீழயா?"

"கீழக்கா. அமிர்தியில."

"அப்ப கீழ முழுசா போய்ச் சேருவமான்னு தலைவர கேட்டுச் சொல்லு."

"ஏறுங்க, ஏறுங்க!" என்று இளவழகன் கை தட்டினார். "மாமா வண்டில நெறைய ஏறுங்க. வெயிட்டு இருந்தாத்தான் வண்டி நல்லா உருளும்!"

அவர் சொன்னது உண்மை. அன்று காலையில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

நிவேதா வழக்கம்போல அப்பாவின் வண்டிப் படியில் கால் வைத்தாள். கலைவாணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ அந்தப் புது வண்டில வா."

"ஏம்மா?"

"ஏசி கீது. போடின்னா போ."

நிவேதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒயர் கூடையைப் பார்த்தாள். கூடையின் ஓரத்தில் குங்குமம் தெரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீயும் வாம்மா."

"நான் உங்க நைனாவோட வர்றேன். அவரத் தனியா உட்டா ஆவாது."

நிவேதா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புது வண்டியின் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். பாட்டு முடியும்வரை உலகம் அவளுக்குக் கிடையாது.

"நான் பின்னாடியே மெதுவா கொண்டாந்துடறேன் சின்னம்மா" என்றான் சின்னராஜ்.

கலைவாணிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மகள் நல்ல பிரேக் உள்ள வண்டியில் ஏறிவிட்டாள். இனி தம்பி. அவர் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"இளவழகா, எங்க போற?"

"கார்லக்கா. முன்னாடி போயி வரவேற்பு..."

"நடுவர் வண்டில இல்லாம இன்னா நடுவர்? நடுவுல உங்க மாமா கியர் போட்டா யார் பாக்கறது?"

"அதான! தலைவர் ஏறட்டும், நாங்களும் ஏறுறோம்" என்றாள் பாஞ்சாலி. மற்ற பெண்கள் சிரித்தார்கள். பூவரசன் வேறு, யூடியூபில் நேரலை ஓடிக்கொண்டிருந்த தலைவரின் போனை அந்த நேரம் பார்த்து அவர் கையில் கொடுத்தான். ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. இளவழகன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். தாண்டவராயன் உருவிக் கொடுத்த சாவியைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்காவும் தம்பியும் ஒரே சீட்டில். அக்கா மடியில் பிரேக். தம்பி பையில் சாவி. ஓட்டுகிறவரிடம் இரண்டும் இல்லை.

*

பூவரசன் பச்சைக்கொடியை ஆட்டினான். நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

முதலில் வருவது புளியமர வளைவு. வண்டி அதில் இதமாகத் திரும்பியது. பெண்கள் கை தட்டினார்கள்.

"அன்பார்ந்த பொதுமக்களே!" என்று போனைத் தூக்கிப் பிடித்தார் இளவழகன். "ஒரு சொட்டு டீசல் இல்லாமல், ஒரு பைசா வரி கட்டாமல், இதோ சாமானியனின் வாகனம் சீறிப் பாய்கிறது!"

சீறவில்லை. அதுதான் விஷயம். இன்ஜின் ஓடாத வேனில் என்னவெல்லாம் கேட்கும் என்பது ஏறிப் பார்த்தால்தான் தெரியும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் முனகுவது கேட்கும். வளையல்கள் கேட்கும். டயருக்கடியில் சரளைக்கல் நசுங்குவது கேட்கும். பின்னால் யாரோ எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

அடுத்த வளைவில் தாண்டவராயன் பிரேக்கை மிதித்தார். பிடித்தது. அதற்கடுத்ததில் மிதித்தார். கொஞ்சம் பிடித்தது. அதற்கும் அடுத்ததில் பெடல் கல்லாக இருந்தது.

இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்குக்குத் துணை கிடையாது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு காலின் பலம் மட்டும்தான். அந்தப் பலத்தை வாங்கிச் சக்கரத்தைப் பிடிக்க லைனர் வேண்டும். லைனர் கலைவாணியின் மடியில், பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"யாரு பீடி பத்த வச்சது?" என்றாள் பாஞ்சாலி.

யாரும் பற்றவைக்கவில்லை. கருகல் வாடை கீழேயிருந்து வந்தது.

"மச்சான், சாவி குடு."

"மாமா, விதி..."

"குடுடா."

"லைவ் போய்ட்டுகீது மாமா. இன்னும் ஆறேழு வளைவு. சமாளிங்க."

தாண்டவராயன் ஸ்டியரிங்கின் மேல் குனிந்து ஒடித்தார். வெளிப்பக்கச் சக்கரம் சாலையோரக் கல்லை உரசியது. கல் கழன்று உருண்டது. அது விழுந்து முடிந்த சத்தம் வரவே இல்லை.

"கியர் போடறேன்."

"கியர் போட்டா டிஸ்குவாலிஃபை மாமா! அப்புறம் எனக்குத்தான் கெட்ட..."

அப்போதுதான் இளவழகன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். மரங்களின் உச்சிகள் தெரிந்தன. மரங்களை மேலேயிருந்து பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"போடுங்க! போடுங்க மாமா! தேர்டுல போடுங்க! ஃபர்ஸ்ட்டுல போடுங்க! எல்லாத்துலயும் போடுங்க!"

பற்கள் அரைபட்டன. இரண்டு தடவை கியர் உள்ளே போக மறுத்தது. மூன்றாவது தடவை போனது. வண்டியை யாரோ பின்னாலிருந்து கயிறு போட்டு இழுத்த மாதிரி ஒரு குலுக்கல். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நேரலைப் போன் பறந்து பாஞ்சாலியின் மடியில் கவிழ்ந்தது. அதற்கப்புறம் நடந்ததில் உலகம் பார்த்ததெல்லாம் பாஞ்சாலியின் சேலைப் பூ மட்டும்தான்.

டீசல் இல்லாமலே இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்து இழுத்தது. தாண்டவராயன் மலைப்பக்கத்து மண்ணோடு உரசிக்கொண்டே இறக்கினார். இளவழகன் அக்காவின் கையைப் பிடித்திருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

*

அமிர்தி அலங்கார வளைவில் ஸ்டியரிங் பிடித்த கோலத்தில் இளவழகனின் பத்தடிப் படம். அதன் கீழ் உண்மையான இளவழகன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கால்கள் தனித்தனியாக ஆடின. நாலு சக்கரத்திலிருந்தும் புகை வந்தது.

"புகையைக் கிளப்பிக்கொண்டு வருகிறார் நம் சிக்கன வீரர்!" என்று மைக்கில் ஒருவர் அலறினார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

கலைவாணி தம்பியின் சட்டையைப் பிடித்தாள். "இதோட நிறுத்து. எவனும் இனிமே இப்படி எறங்கக் கூடாது. சொல்லு."

"சத்தியமாக்கா." அவர் குரலில் முதல் தடவையாக அலங்காரம் இல்லை. "நிறுத்திடறேன். பூவரசனுக்கு இப்பவே போன் போட்டு எல்லாத்தையும் கலைக்கச் சொல்லிடறேன்."

மனதாரத்தான் சொன்னார். பாஞ்சாலியிடமிருந்து போனையும் வாங்கினார். அந்த நேரம் பார்த்து ஒருவர் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்.

மைக் கைக்கு வந்ததும் கால் நடுக்கம் நின்றுவிட்டது.

"ரெண்டே வார்த்தைக்கா. பேசிட்டுப் போட்டுடறேன்."

இரண்டு வார்த்தை மத்திய வரியில் தொடங்கியது. அங்கிருந்து மாநில வரிக்கு வந்தது. விலை ஏறும்போது ரூபாயில் ஏறுவதும் இறங்கும்போது பைசாவில் இறங்குவதும் ஏன் என்று கேட்டது. கேள்வி நல்ல கேள்விதான், பதில் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. பிறகு, தன் உயிரைப் பணயம் வைத்து முன்சீட்டில் அமர்ந்து வந்த தலைவன் ஒருவனைப் பற்றிப் பேசத் தொடங்கியது. இடையில் தாண்டவராயனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'டேங்க் நிறைய டீசல்' என்று எழுதிய ஆளுயர அட்டை ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். டீசல் பிறகு வரும் என்றார்கள்.

இளவழகனின் பையில் போன் அதிர்ந்தது. அணைத்தார். மறுபடி அதிர்ந்தது. மறுபடி அணைத்தார். மூன்றாவது தடவை பெயரைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"இதோ, மலையுச்சியிலிருந்து நமது பூவரசன் நேரலையில்!" என்று போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

கூம்பு ஸ்பீக்கர்களில் பூவரசனின் குரல் அமிர்தி முழுவதும் கேட்டது.

"தலைவரே! மாமா ஜெயிச்சத லைவ்ல கேட்டோம்! நம்ம சங்கத்து வண்டி மட்டும் சும்மாவா? பின்னாடி வர இருந்த உங்க புது வண்டிய நிறுத்தி வச்சு, இப்ப அதையும் எறக்கியாச்சு தலைவரே! சாவி என் கையில!"

கூட்டம் கை தட்டியது. இரண்டு பேர் தட்டவில்லை.

எல்லாமே வேலை செய்கிற வண்டி. ஸ்டியரிங் பூட்டும்தான்.

"சின்னராஜ் ஒண்ணும் சொல்லலியா?" என்றார் இளவழகன். மைக்கில்தான் கேட்டார், விலக்க மறந்துபோய்.

"அவன் இன்னா சொல்லுவான் தலைவரே. டிராக்டர்ல சாவியவே பாத்திருக்க மாட்டான். சூப்பரா உருண்டுச்சு! புளியமர வளைவு வரைக்கும் பாத்தேன். அதுக்கப்புறம் கண்ணுக்குத் தெரியல."

திரும்பிப் போனதால் தெரியவில்லையா, திரும்பாமல் போனதால் தெரியவில்லையா? அதைப் பூவரசன் சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

தாண்டவராயன் அட்டையைக் கீழே போட்டார். மேடையேறி வந்து கையை நீட்டினார். பொன்னாடை தோளிலிருந்து வழுக்கி விழுந்தது.

"சாவி."

இளவழகன் சட்டைப் பையைத் துழாவினார். வேட்டி மடிப்பைத் துழாவினார். மறுபடி சட்டைப் பை. சாவியை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். திறந்திருந்த மைக்கில் அவர் மூச்சு விடுவது மட்டும் ஊருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

*

வண்டி திரும்பி ஏறத் தொடங்கியது. ஏறுவதற்குப் பிரேக் வேண்டாம்.

விலை ஏறிய பிறகு முதல் தடவையாகத் தாண்டவராயன் டீசலைப் பற்றி நினைக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்தார். டீசலும் அவரைப் பற்றி நினைக்கவில்லை. முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே படுத்துக் கிடந்தது.

"அவளுக்குத் தெரியுங்க" என்றாள் கலைவாணி. "காலைல கேட்டவளே அவதான. சாவிய எடுக்கறதப் பாத்தா சொல்லிருப்பா. கத்திருப்பா."

தாண்டவராயன் கியரை மாற்றினார்.

"காதுல அத மாட்டியிருந்தாளே" என்று அவளே சொன்னாள். "கடைசி சீட்டுல உக்காந்தாளே. நான்தான அதுல ஏறச் சொன்னேன்."

போனைப் போட்டாள். டவர் இல்லை. அடுத்த வளைவில் போட்டாள். ரிங் போனது. எடுக்கவில்லை.

எதிரில் எந்த வண்டியும் வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் ஹார்ன் அடித்தார். ஒவ்வொரு வளைவுக்கு அப்புறமும் காலிச் சாலை. புது வண்டி உருண்டு வந்திருந்தால் இந்நேரம் எதிரில் வந்திருக்க வேண்டும். இருவருக்கும் அது தெரியும்.

"வந்தா சத்தம் கேக்குமாங்க?"

"இன்ஜின் இல்லாம எப்படிக் கேக்கும்?"

புளியமர வளைவு மேலே தெரிந்தபோது இன்ஜின் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றது.

இந்த முறை அதை யாரும் அணைக்கவில்லை.

தாண்டவராயன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது வந்து கையோடு நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்பக்கமாக உருளத் தொடங்கியது. கலைவாணி கதவைத் திறந்து குதித்தாள். சுற்றிலும் பார்த்தாள். கல் ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. கூடையிலிருந்து அட்டைப் பெட்டியை உருவிப் பின்சக்கரத்துக்கு அடியில் திணித்தாள்.

அட்டை நசுங்கியது. உள்ளே இரும்பு பிடித்துக்கொண்டது. வண்டி நின்றது.

ஒரு வாரம் சாம்பிராணி வாங்கிய புது பிரேக், முதன்முதலாக அந்த வண்டியை நிறுத்தியிருந்தது.

தாண்டவராயன் இறங்கி வந்தார். மேலே வளைவை நோக்கி ஓட ஒரு அடி எடுத்து வைத்தார். கலைவாணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். போனை மறுபடியும் போட்டாள். காற்று இல்லை. இன்ஜின் இல்லை. மலையே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்போது கேட்டது.

ட்ரிங், ட்ரிங்.

பக்கத்தில்தான். ஆனால் சாலையில் இல்லை. இடது பக்கம் மண்மேடு. வலது பக்கம் பள்ளம். மணி மண்மேட்டில் பட்டுப் பள்ளத்துக்குப் போயிற்று, பள்ளத்தில் பட்டு மண்மேட்டுக்கு வந்தது. தாண்டவராயன் ஒரு பக்கம் திரும்பினார். கலைவாணி இன்னொரு பக்கம் திரும்பினாள்.

அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.